பெயர் போடாத நான்கு வரிகள்

பிலோமினா இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. முதல் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அச்சகம் நடத்தும் செந்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "சார், நம்ம பிலோமினா விடியக்காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். பாலம் தாண்டி ஈரோட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. போஸ்டர் அடிக்கோணும். நாலு வரி வேணுமுங்க. பதினொரு மணிக்குள்ள குடுத்தீங்கன்னா மத்தியானம் ஒட்டிரலாம்."

பள்ளிபாளையத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் படத்துக்குக் கீழே வரும் அந்த நான்கு வரிகளை எழுதுகிறவர் பிலோமினா. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை அவருக்கு. அவரே போய்விட்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்தியை இரண்டு முறை படித்தேன். துக்கம் வருவதற்கு முன்னால், 'இப்போதாவது என்னைக் கேட்கத் தோன்றியதே' என்று உள்ளே ஒன்று எட்டிப் பார்த்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் உங்களில் பலருக்கு பிலோமினாவைத் தெரியும். என்னையும் தெரியும், இரண்டு தொகுப்பு போட்ட கவிஞன், தமிழாசிரியன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அவர்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் மட்டும் உங்களுக்குத் தெரியாது.

அவர் எழுத்தை நான் முதலில் பார்த்தது ஒரு சுவரில். அன்று சேலத்தில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. 'சமகாலக் கவிதையில் அடையாளமும் இழப்பும்' என்று கட்டுரை வாசித்தேன். சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து, பள்ளிபாளையத்தில் இறங்கினேன். நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு பையனின் படம். போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தவன். மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. படத்துக்குக் கீழே:

போன் பண்ணினால்
இன்னும் ரிங் போகிறது.
எடுக்க வேண்டாம் தம்பி,
சார்ஜ் மட்டும் போட்டு வை.

பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பையன் அவருக்கு உறவும் இல்லை, தெரிந்தவனும் இல்லை என்று பிறகு சொன்னார். நான் பதினெட்டுப் பக்கம் எழுதி வாசித்த கருத்தரங்கில் ஒருத்தர் கொட்டாவி விட்டதை நான் பார்த்திருந்தேன். இழப்பைப் பற்றி இத்தனை வருடம் எழுதியிருக்கிறேனே, 'துயரத்தின் நிழல் வனம்', 'மௌனத்தின் கசிவு' என்றெல்லாம், என் கவிதைக்கு ஒருத்தராவது முந்தானையை எடுத்திருப்பார்களா? சால்வையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளே அச்சகத்துக்குப் போனேன். விசிட்டிங் கார்டு அடிக்க வந்ததாகச் சொன்னேன். உண்மையில், அந்த வரியை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒடிசலாக ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும், நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடியோடு ஒரு சின்னச் சிலுவை. "புத்தகமாங்க?" என்று சிரித்தார். "அந்தத் தம்பியோட அக்கா வந்து இதா இந்த ஸ்டூல்லதானுங்க உக்காந்து அழுதாங்க. இன்னும் கூப்புட்டுக்கிட்டே இருக்கறேன், ரிங் போகுதுன்னாங்க. அதைச் சுருக்கிப் போட்டேனுங்க."

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் இறந்தவரின் பெருமையைக் கேட்க மாட்டார். டீ வரவழைத்து உட்கார வைப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா அவங்ககிட்ட என்னங்க பேசுனீங்க?" அதற்குப் பிறகு பேசாமல் இருப்பார். வந்தவர்கள் உளறுவார்கள், அழுவார்கள், அன்று வைத்த குழம்பைப் பற்றிச் சொல்வார்கள். அதிலிருந்து எடுத்துவிடுவார். ஒரு தறிக்காரர் வீட்டு அம்மாவுக்கு அவர் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மா,
தறியை நிறுத்திவிட்டோம்.
இப்போது மெல்லக் கூப்பிட்டாலே
கேட்கும் உனக்கு.

"ஏன் எப்பவும் நாலே வரி?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கு மேல போனா எழுத்துச் சின்னதாயிடுமுங்க சார். பஸ் நின்னு கெளம்பறதுக்குள்ள படிச்சு முடிக்கோணுமில்ல?" என்றார். கவிதையின் சுருக்கத்தைப் பற்றி நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். இப்படி ஒரு விளக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் போட்டுக்கொள்ளலாமே என்றதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "சாவு ஊட்டுல எழுதுனவங்க பேரு எதுக்குங்க? போனவங்க பேருதான் பெருசாத் தெரியோணும்." இந்த ஊரில் என் பெயரைப் பெரிதாகத் தெரிய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாரும் கேட்காமல், பெயரே இல்லாமல், ஊர்ச் சுவர் முழுக்க அவர் இருந்தார்.

லாரிப் பட்டறை சின்னுசாமி ஐயா கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐயாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது, டாக்டர் கையை விரித்துவிட்டார். திருச்செங்கோட்டுச் சம்பந்திகள் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று மகன் முந்திக்கொண்டு போஸ்டருக்குச் சொல்லிவிட்டார். ஒட்டுகிறவர் அதற்கும் மேலே முந்திக்கொண்டு நான்கு சுவரில் ஒட்டிவிட்டார். ஐயா பிழைத்துக்கொண்டார். காரில் வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைத் தானே பார்த்தார்.

ஹாரன் அடிக்காமலே
வழி விட வைத்தவர்.
இன்று ஹாரன் இல்லாமல்
ஊரே வழி விடுகிறது.

ஒரு வாரம் கழித்து அச்சகத்துக்கு வந்து நின்றார். செந்தில் பின்பக்கமாக ஓடிவிட்டார். பிலோமினாதான் எழுந்து நின்றிருக்கிறார். ஐயா அவரைத் திட்டவே இல்லை. "எழுதுனது நீதானா சாமி? நல்லாருக்குது. இதுக்கு ஒரு பிரேம் போட்டுக் குடு. நெசமாலுமே சாகறப்ப இதையே போடோணும். மாத்திப்போடாத." அது அவர் வீட்டு வரவேற்பறையில் டிவிக்கு மேலே தொங்கியது. நூலக விழாவில் அவருக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த என் தொகுப்பும் அந்த வீட்டில் எங்கேயோ இருக்க வேண்டும். எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பிலோமினா, உயிரோடு இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரில் 'இருப்பு' என்று ஒரு ஃபோல்டர். அபசகுனம் என்று செந்தில் கத்தினார். இவர் கேட்கவில்லை. "செத்தப்பறம் அவசரத்துல எழுதுனா பொய் வந்து சேந்துக்குதுங்க. உசுரோட இருக்கறப்ப எழுதுனாத்தான் நெசம் வருது" என்பார். என்னைப் பார்த்தால் கிண்டல் வேறு. "உங்களுக்கும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேனுங்க சார். பயப்படாதீங்க, நல்லாத்தான் வந்திருக்குது." அதைக் காட்டச் சொல்லி நான் எத்தனையோ விதத்தில் கேட்டிருக்கிறேன். "அதெப்படிங்க இப்பக் காட்டறது? அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குதில்ல" என்று சிரித்துவிடுவார்.

நூலக மாடியில் நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். அங்கே யார் கவிதை வாசித்தாலும் நான் சிவப்புப் பேனாவால் திருத்துவேன், அது உங்களுக்குப் பழகிப்போன கொடுமை. அன்று அவர் எழுந்து ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

பாவாடை தாவணியான வருடம்
அப்பா என் தலையைத் தொடுவதை நிறுத்திக்கொண்டார்.
அவர் இறந்த அன்று
அவர் கையை எடுத்து
என் தலையில் நானே வைத்துக்கொண்டேன்.

ராசிபுரத்திலிருந்து வரும் நெசவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் பற்றி எரிந்தது. வளர்வதையும் இழப்பதையும் ஒரே மூச்சில் இப்படிச் சொல்ல எனக்கு ஏன் வரவில்லை? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உணர்ச்சி இருக்கு. கவிதை இன்னும் வரலை" என்றேன். பிலோமினா காகிதத்தை மடித்தார். "சரிங்க சார். வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. என் மூக்கு உடைந்தது உங்கள் முன்னால்தான்.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் வந்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. கட்டுரை நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். அதில் அவருடைய கவிதைகள் இருந்தன, போஸ்டருக்கு எழுதியவை அல்ல, தனக்காக எழுதியவை. "தப்பு இருந்தாச் செவப்புப் பேனாவுல போட்டுக் குடுங்க சார். முன்னால ஒரு பக்கம் அணிந்துரையும் எழுதிக் குடுங்க. புத்தகம்னா அப்படி ஒண்ணு இருக்கோணுமாம்." எத்தனையோ பேர் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானுங்க நல்லாருக்குன்னு சொல்லல" என்றார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்காமல் முழு நோட்டையும் படித்து முடித்தேன். பிலோமினா சேலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே நெசவுக் குடும்பத்துச் செல்வராஜை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவர். மாமியார் வீட்டில் அவருக்குப் புஷ்பா என்று பெயர் மாற்றிக் கூப்பிட்டார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இது இருந்தது.

ஞானஸ்நானத்தில் ஒரு பெயர்,
தாலி கட்டியபோது ஒரு பெயர்.
ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவள்
எந்தப் பெயர் என்றாள்.
வலிக்கிறவள் பெயரை
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அடையாளத்தைப் பற்றி நான் வாசித்த பதினெட்டுப் பக்கமும் இந்த ஆறு வரிக்கு உறை போடக் காணாது. சிவப்புப் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். ஏதாவது ஓர் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்கும். போட முடியவில்லை. பேனாவை மூடினேன். நோட்டை பீரோவில் மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அந்த ஒரு பக்கத்தை நான் எழுதவே இல்லை. எழுதினால் அது புத்தகமாக வரும். வந்தால் என் இரண்டு தொகுப்பையும் யாரும் பேச மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம், வேறு எந்த மண்ணாங்கட்டியும் இல்லை.

அவர் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொதுத்தேர்வு என்றேன், விடைத்தாள் திருத்துகிறேன் என்றேன், தேர்தல் வேலை என்றேன். "அவசரமில்லீங்க சார், மெதுவாப் பண்ணுங்க" என்பார். மூன்று வருடம் போயிற்று. கடைசி வருடத்தில் அவர் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அவர் இறந்த அன்று செந்திலின் செய்தியைப் பார்த்து அச்சகத்துக்கு ஓடினேன். அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். ஒரு வரி வரவில்லை. அவர் கேட்கும் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன்: கடைசியாக அவரிடம் என்ன பேசினேன்? போன மாதம் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். அதுதான் பேசினேன்.

அதற்குள் பக்கத்தில் சத்தம். சேலத்திலிருந்து வந்த அவர் தம்பி அந்தோணி, "எங்க அக்கா பேரு பிலோமினா. அப்படித்தான் போடணும். மாதா கோயில்ல பூசை வைக்கிறப்ப வேற பேரா படிப்பாங்க?" என்றார். செல்வராஜின் பெரியப்பா, "இருவத்தஞ்சு வருசமா எங்களுக்குப் புஷ்பாதானுங்க. எங்க சொந்தபந்தத்துல பிலோமினான்னா யாருக்குங்க தெரியும்?" என்றார். எந்தப் பெயர், எந்தப் பெயர் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். என் வாயை மீறி அந்தக் கவிதை வந்துவிட்டது. ஆறு வரியையும் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்.

செல்வராஜ் அதுவரை சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி, "இது அவ எழுதுனதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த நோட்டுலயா? உங்ககிட்டக் குடுத்திருக்கறேன்னு சொன்னாளுங்க. எனக்குப் படிச்சுக் காட்டுடின்னேன். புத்தகமா வந்ததும் மொத புத்தகம் உங்களுக்குத்தான், அப்பப் படிச்சுக்கலாம்னா." பிறகு எழுந்து நின்று, "ரெண்டு பேரையும் போட்ருங்க செந்திலு" என்றார். ஒரு மனிதர் தன் மனைவியின் கவிதையை, அவர் செத்த பிறகு, நோட்டைப் பூட்டி வைத்தவனின் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிலோமினா புஷ்பாவின் போஸ்டரில் படம் இருந்தது, இரண்டு பெயர் இருந்தது. வரிகள் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டார்கள். என்னால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை என்பதை ஊரே பஸ்ஸில் போகும்போது பார்த்தது.

கிளம்பும்போது செந்தில் 'இருப்பு' ஃபோல்டரைத் திறந்தார், பிலோமினா தனக்கென்று ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா பார்க்கலாம் என்று. அவருக்கு ஒன்றும் இல்லை. என் பெயரில் ஒன்று இருந்தது, போன வருடம் மாற்றி எழுதிய தேதியோடு. நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எல்லார் கவிதையையும் திருத்தியவர்.
ஒரு நோட்டை மட்டும்
திருத்த மனம் வராமல்
பீரோவில் வைத்திருந்தார்.

பீரோ என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "போன வருசம் ஒருக்கா வந்தாளுங்க. நீங்க ஸ்கூலுக்குப் போயிருந்தீங்க. அக்கா, என்னோட நோட்டு இருக்குதான்னா. மனசு கேக்கல, பீரோவத் தொறந்து எடுத்துக் குடுத்தேன். எடுத்துட்டுப் போயிரு கண்ணுன்னேன். ஒவ்வொரு பக்கமாப் பொரட்டிப் பாத்தா. ஒரு எடத்துலகூடச் செவப்பு இல்லீங்கக்கான்னு சிரிச்சா. அப்பறம் இருந்த எடத்துலயே வெச்சிருங்க, சார்கிட்டச் சொல்லாதீங்கன்னு குடுத்துட்டுப் போயிட்டா."

பூட்டி வைத்தார் என்று எழுதியிருக்கலாம். பொறாமைக்காரர் என்று எழுதியிருக்கலாம், அதுதான் நிஜம். மனம் வராமல் என்று எழுதியிருக்கிறார். என்னைப் பற்றி இத்தனை நல்ல நான்கு வரியை நானே எழுதிக்கொண்டிருக்க முடியாது. என் சாவையும் என்னைவிட நன்றாக அவர்தான் எழுதினார். இதிலும் எனக்குப் பொறாமைதான், வேறு என்ன சொல்ல.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நோட்டைச் செல்வராஜிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவ கேட்ட ஒரு பக்கம் எழுதிட்டீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படிக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நோட்டு நூலாக வரும்போது அதில் என் அணிந்துரை இருக்காது. அது அவருக்குத் தேவைப்பட்ட காலத்தில் நான் கொடுக்கவில்லை.

நோட்டைத் திருப்பிவிட்டேன். அந்த நான்கு வரிகளை மட்டும் என்னிடம் வைத்துக்கொள்கிறேன், பிரதி எடுத்து, பீரோவில் அதே புடவைகளுக்கு அடியில். நான் போன பிறகு செந்தில் அதை என் போஸ்டரில் போட வேண்டும். ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது. கீழே எழுதியவர் பெயரைப் போடுங்கள், பிலோமினா புஷ்பா என்று இரண்டையும். இடம் காணாவிட்டால் என் பெயரைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.